ஜெல்லுக்குக் கழித்த திருஷ்டி

சுங்குவார்சத்திரம் பக்கத்துப் போன் கம்பெனியில் ஆள் குறைத்தபோது நானும் வெளியே வந்தேன். "போதும் தாயி, ஊருக்கு வா, மாப்பிள பாத்திருக்கு" என்றார் சிவகங்கையிலிருந்து அப்பா. எனக்குக் கல்யாணப் பேச்சே வேப்பங்காய். அடித்துப் பிடித்து ஒரகடத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்துகொண்டேன். இந்த வேலையும் போனால் மறுபேச்சில்லாமல் பஸ் ஏற வேண்டும் என்று அப்பா வாக்கு வாங்கிக்கொண்டார். படப்பையில் தோழிகளோடு பங்குபோட்ட அறையும், சம்பள நாள் பிரியாணியும் அவருக்கு எங்கே புரியப்போகிறது?

புதுக் கம்பெனியில் நாங்கள் செய்தது ஜெல். தண்ணீரைக் குடித்துக் கொழகொழவென்று நிற்கும், நகம் அளவு வில்லை. ஒருவருடைய எச்சிலை அதில் விட்டுக் கழுவினால், அழுக்கு போய் மரபணு மட்டும் அதில் தங்கிவிடுமாம். அப்புறம் டிபன் கேரியர் போல ஊர் ஊராகத் தூக்கிப்போகிற ஒரு பெட்டிக்குள் வைத்தால், பரம்பரை நோய் இருக்கிறதா என்று சொல்லிவிடும். சூப்பர்வைசர் இவ்வளவையும் விளக்கியதில் எனக்குப் புரிந்தது, வில்லையில் குமிழி வரக் கூடாது என்பது மட்டும்தான்.

குமிழியோ வந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஒரு நாள், வில்லைகளாக வெட்டுவதற்கு ஊற்றிய ஜெல் ஒரு தட்டு முழுக்கக் கண்ணாடி மாதிரி அமைந்தது. ஆர்டர் கொடுக்க வந்தவர்கள் அன்றைக்குத்தான் லைனுக்கு வந்து, தட்டைச் சுற்றி நின்று வாயைப் பிளந்தார்கள். "நாளைக்கு டெஸ்ட்ல பாஸானா ஆர்டர், இல்லேன்னா லைனையே மூடிடுவாங்க" என்று சொல்லிவிட்டு, சூப்பர்வைசர் அவர்களை வழியனுப்பப் போனார்.

எங்கள் லைன் லீடர் அக்கா உள்ளூர்க்காரர். "இத்தினி பேரு கண்ணு வெச்சிகினு போறாங்கோ, தாங்குமா இது? இருங்கடி" என்று கேன்டீனுக்கு ஓடி, உப்பும் காய்ந்த மிளகாயும் கொண்டுவந்தார். இன்னும் இறுகாத ஜெல் தட்டை மூன்று முறை சுற்றி, "துப்புங்கடி" என்றார். மாஸ்கை இறக்கி, அவர் கைக்குள் வரிசையாகத் தூ தூ தூ என்றோம். அந்தக் கை தட்டுக்கு நேர் மேலே இருந்ததை யார் கவனித்தார்கள்? மிளகாயைக் கேன்டீன் அடுப்பில் போட்டபோது நெடியே வரவில்லை. "பாத்தியா, எம்மாம் பெரிய கண்ணு!" என்று அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் முதலில் வெறும் தண்ணீர் விட்டுச் சோதித்தார்கள். அதற்குப் பெட்டி எதையும் காட்டக் கூடாது. மனித மரபணு என்று காட்டியது. வில்லையை மாற்றினால் மறுபடியும் அதே. சூப்பர்வைசர் தண்ணீரைச் சந்தேகித்தார், கையுறையைச் சந்தேகித்தார், ஏசியைக் கழற்றச் சொன்னார். எனக்குச் சிவகங்கை பஸ்ஸின் படிக்கட்டு கண்ணுக்கு நேராகத் தெரிந்தது.

அக்காதான் மெல்ல ஆரம்பித்தார். "சார், நேத்து ஜெல்லுக்குக் கண்ணு பட்டுச்சின்னு..."

முழுக்கக் கேட்டுவிட்டு, "எச்சில்ல மரபணு பிடிக்கிற ஜெல்லு மேலயா போய்த் துப்புவீங்க?" என்று கத்தினார் சூப்பர்வைசர். கத்தி முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆர்டர் கொடுக்க வந்தவர்களிடம் என்ன சொல்லிச் சமாளித்தாரோ, இன்னும் ஒரே ஒரு தட்டுக்கு வாய்ப்பு வாங்கி வந்தார்.

அந்தத் தட்டை ஊற்றும்போது ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. குமிழி வரவில்லை. தண்ணீர் விட்டார்கள், பெட்டி கம்மென்று இருந்தது. சூப்பர்வைசரின் எச்சிலை விட்டார்கள், பளிச்சென்று காட்டியது. அக்கா பூரித்துப்போய்த் தட்டுக்கு நெட்டி முறிக்கக் கையை நீட்ட, "அக்கா, கைய எடுங்க!" என்று எல்லோரும் அலறினோம்.

சாயங்காலம் அப்பா கூப்பிட்டார். "லைன மூடப் போறாகன்னியே. ஞாயித்துக்கெழம மாப்பிள வீட்டுல வர்றாக, பஸ் ஏறிருறியா?"

"ஞாயித்துக்கெழம எனக்கு ஓவர்டைம் இருக்குப்பா. ஆர்டர் வந்திருச்சு."

"சரி தாயி. அவகள வர வேணாம்னு சொல்லிர்றேன்" என்றார் அப்பா.