மோந்து பார்க்கச் சொன்னவள்

செல்வமாரிக்கு ஆன்லைன் வியாபாரம் முதலில் படியவே இல்லை. இடைசெவல் பக்கத்துப் பிஞ்சையில் விளைந்த குதிரைவாலியைக் கோவில்பட்டி கமிஷன் கடைக்குக் கொண்டுபோனால், அவர்கள் சொன்னதுதான் விலை. இனி அந்த வாசலில் போய் நிற்கவே கூடாது என்றுதான் அவளும் புருஷன் சக்திகுமாரும் தோல் நீக்கும் மிஷின் வாங்கிப் போட்டார்கள். அரிசிப் பாக்கெட்டைப் படம் பிடித்து, விலை எழுதி, வாங்குங்க வாங்குங்க என்று தினமும் போனில் போட்டுக்கொண்டே இருந்தாள். சொந்தக்காரர்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியதோடு சரி.

ஒருநாள் அலுத்துப்போய், குதிரைவாலிச் சோறு ஏன் குழைந்துபோகிறது என்று சும்மா பேசி ஒரு வீடியோ போட்டாள். விற்பனையைப் பற்றி மூச்சு விடவில்லை. சென்னையிலிருந்தும் கோயமுத்தூரிலிருந்தும் பெண்கள் சந்தேகம் கேட்க ஆரம்பித்தார்கள். எவ்வளவு தண்ணீர் வைக்க, எத்தனை விசில் விட, பிள்ளைகள் தின்னுமா என்று ஒன்றுவிடாமல் கேட்டார்கள். அவளும் சளைக்காமல் பதில் சொன்னாள். கொஞ்ச நாளில், உங்ககிட்டயே அரிசி கிடைக்குமா அக்கா என்று அவர்களே கேட்டார்கள். கேட்டு வருகிறவருக்கு விற்பதில் ஒரு கௌரவம் இருக்கத்தான் செய்கிறது.

ரொம்பப் பேர் பார்த்தது, நல்ல அரிசியைக் கண்டுபிடிக்கும் வீடியோவைத்தான். ஒரு கை அரிசியை வெந்நீரில் போட்டு மூடிவைத்து, திறந்ததும் மோந்து பார்க்க வேண்டும். மக்கல் வாடை வந்தால் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள் என்று அதில் அடித்துச் சொல்லியிருந்தாள்.

தை பிறந்தால் மழை கிடையாது என்று கரிசல்காட்டில் எல்லாருக்கும் ஒரு தைரியம். அறுத்த கதிரைப் பிஞ்சையிலேயே குவித்து, தார்ப்பாய்கூடப் போடாமல் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். செல்வமாரியும் அப்படித்தான் வந்தாள். இந்த வருஷம் மழை வந்து அந்தத் தைரியத்தைக் கழுவிக்கொண்டு போனது. நனைந்த கதிரைக் காயவைத்து அடித்து மிஷினில் விட்டபோது அரிசி பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. வெந்நீரில் போட்டதும் குப்பென்று வாடை வந்தது.

அனுப்ப வேண்டிய ஆர்டர்கள் போனில் வரிசையாக நின்றன. மிச்சமிருக்கும் பழைய அரிசியோடு கலந்து அனுப்பிவிடலாம், டவுன்காரர்களுக்கு என்ன தெரியும் என்றான் சக்திகுமார். அவர்களுக்குத் தெரியவைத்ததே தான்தானே என்று அவள் நினைத்துக்கொண்டாள். கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயமா, மனசு கேட்கவில்லையா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ரெண்டும்தான்.

கெட்டுப்போன அரிசியைக் கேமரா முன்னால் மோந்து காட்டி, இந்த வருஷம் என்னிடம் அரிசி இல்லை என்று சொல்லிவிட்டாள். அப்படியானால் நாங்கள் யாரிடம் வாங்க என்று கீழே கேள்விகள் வந்து விழுந்தன. ஓட்டப்பிடாரத்து அழகுத்தாயும் இதே வியாபாரம்தான், போட்டிக்காரி. ஆனால் அவள் கதிரைக் கொட்டகைக்குள் அடுக்கியிருந்தாள். செல்வமாரி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அந்தக் கேள்விகளுக்குக் கீழேயே அழகுத்தாய் நம்பரை டைப் பண்ணினாள்.

சக்திகுமார் அதைப் படித்துவிட்டுப் போனை அவளிடமே நீட்டினான்.

"ஏட்டி, பாடுபட்டுச் சேத்த ஆளுகளை நீயே கூட்டிட்டுப் போய் அடுத்த கடையில விட்டுட்டு வாரியே."

"அவிய வந்தது என் பேச்சை நம்பி. அரிசி கெட்டதுக்காகப் பேச்சையும் கெடுத்துக்கச் சொல்லுதீங்களா?"

மறுநாள் சக்திகுமார் கெட்ட அரிசி மூட்டைகளைத் தீவனத்துக்கென்று ஏற்றிக்கொண்டு, எந்த வாசலை வேண்டாம் என்றார்களோ அதே கமிஷன் கடை வாசலுக்குப் போனான். செல்வமாரி எட்டிப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு பெண் குதிரைவாலி உப்புமா செய்வது எப்படி என்று கேட்டிருந்தாள். மிச்சமிருந்த பழைய அரிசி முதலில் ஆர்டர் போட்டவர்களுக்கே போய்விட்டதால், செய்துகாட்ட வீட்டில் நல்ல அரிசி இல்லை. செல்வமாரி ஓட்டப்பிடாரத்துக்கு பஸ் ஏறி, பேரம் பேசாமல் வாங்கி வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். எல்லாம் மளமளவென்று சொல்லி வந்தவள், கிளறிக்கொண்டே ஒரு இடத்தில் தயங்கினாள்.

"இது அழகுத்தாய் அக்கா அரிசி. நல்லாருக்கு."

அந்த ஒன்றைச் சொல்லத்தான் அவளுக்கு நேரமாயிற்று.