இடம் மாற்றி உட்கார வைத்தவர்

தங்கவயலுக்கும் பேத்தமங்களாவுக்கும் இடையே புதிய சாலை எந்த வழியாகப் போவது என்று முடிவு செய்ய, இரண்டு ஊராரும் தங்கவயலில் உள்ள ஊரிகம் சர்ச் ஹாலில் கூடியிருந்தோம். நடத்தியவர் திட்ட அலுவலகத்திலிருந்து வந்த ஒரு அம்மா. ஒல்லியான உருவம். நரைத்த கொண்டையில் ஒரு பென்சில். யார் பேசினாலும் அதைத் தொட்டுக்கொண்டே கேட்பார், எடுக்க மாட்டார்.

நான் தினமும் பேத்தமங்களாவுக்கு வேலைக்குப் போகிறவன். நேராகச் சாலை வந்தால் எனக்கு நிம்மதி. ஆனால் எதிரே இருந்த விவசாயியின் தக்காளித் தோட்டம் அதில் போய்விடும். எங்கள் இருவருக்கும் வாக்குவாதம் முற்றியது.

"ரெண்டு பேரும் இடம் மாறி உக்காருங்க. இப்ப நீங்க அவரு, அவரு நீங்க. பேசுங்க" என்றார் அந்த அம்மா.

விவசாயி என் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு, "இன்னா மேடம், பஸ்சு ஊரெல்லாம் சுத்திக்கினு போவுது. டெய்லி ஆபீஸ்ல திட்டு வாங்குறேன்" என்றார். ஹாலே சிரித்தது.

எனக்கு இன்னொருவராகப் பேசிப் பழக்கமில்லை. "எனக்கு இருக்கறதே அந்த ஒரு தோட்டந்தான்" என்றேன். "ஏரித் தண்ணி வர்ற பைப்பு ஓரம் சும்மாதானே கெடக்குது. ரோட்டை அப்படி வளைச்சுப் போடுங்க."

"வளையட்டும் மேடம், நேரத்துக்குப் போனா போதும் எனக்கு" என்றார் விவசாயி, இன்னும் நானாக இருந்தபடியே.

அப்போதுதான் அந்த அம்மா பென்சிலை உருவி வரைபடத்தில் கோடு போட்டார்.

அவரை மறுபடி பார்க்கவில்லை. இந்த வித்தையை எங்கே கற்றாரோ! இன்றும் பஸ் அந்த வளைவில் திரும்பும்போது, என் தோட்டம் காய்த்திருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிறேன்.