பாட்டுக்கு அடியில் போன குரல்

மலையகத்து லுணுகலை டவுனில் கல்யாண வீடியோ என்றால் கஜேந்திரன்தான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, கோழிக்கடைக்கு மேல்மாடியில் அவனுடைய ஸ்டூடியோ. சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் பதினோரு வருடமாகப் பெண்ணை அலங்கரித்து உட்கார வைத்த இடமெல்லாம் கேமராவோடு நின்றிருக்கிறான். கண் நல்ல கண். கூட்டத்தில் யார் அழப்போகிறார் என்பது அவனுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். ஆனால் அந்தக் கண்ணுக்கு வாய்த்த கம்ப்யூட்டர் இருக்கிறதே, அது ஏதோ ஓர் அலுவலகத்தில் கடிதம் அடித்து, போதும் என்று கழித்துப் போட்டது.

“கம்ப்யூட்டர்னா எல்லாம் ஒண்ணுதானே” என்பவர்களைக் கண்டால் அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். இரண்டு கேமராவின் படத்தை ஒன்றாக வைத்தால் அந்த மெஷின் அப்படியே உறைந்து நிற்கும். உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் போகும். அதனால் மெஷினுக்குத் தக்கபடி தொழிலைக் குறைத்தான். ஒரு கேமராவின் படத்தை மட்டும் வைத்து வேலை செய்தான். எல்லோருடைய பேச்சையும் நீக்கிவிட்டு, ஆரம்பம் முதல் முடிவு வரை சினிமாப் பாட்டைப் போட்டான். ஜனங்களுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று மனதைத் தேற்றிக்கொண்டான். டிஸ்க் நிறைந்ததும் எடுத்த படத்தையெல்லாம் அழித்து, அடுத்த கல்யாணத்துக்கு இடம் பண்ணுவான்.

கார்த்திகை மழையில் மேல் தோட்டத்தில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் ஒன்றை மண் சரிந்து கொண்டுபோனது. அதோடு அங்கே குடியிருந்த அங்கம்மாவும் போனாள். ஏழு நாள் தோண்டியும் ஆள் கிடைக்கவில்லை. டவுனில் வாழ்க்கைப்பட்டதால் மகள் சிவசக்தி தப்பினாள். எட்டாம் நாள் கரண்ட் வந்ததும் அவள் ஸ்டூடியோ படியேறி வந்தாள். போனில் தன் கல்யாண வீடியோவை வைத்திருந்தாள்.

“அண்ணே, மஞ்சளரிசி போட்டுட்டு அம்மா என் காதுல என்னமோ சொன்னிச்சு. மேளச் சத்தத்துல எனக்குக் கேக்கல. சும்மா தலைய ஆட்டிட்டேன். இதுல வாய் அசையுது, பாட்டுதான் கேக்குது. அந்தப் பாட்ட மட்டும் எடுத்துட்டுக் குடுங்க. பதினாறாம் நாள் கருமாதி. அதுக்குள்ள அம்மா கொரல ஒருதரம் கேட்டுட்டாப் போதும்.”

பாட்டை எடுத்தால் அடியில் குரல் இருக்கும் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். அடியில் ஒன்றுமில்லை. இரண்டு வருடத்துக்கு முந்திய கல்யாணம் அது. அந்தப் படத்தை அவனே அழித்திருந்தான். அதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. “பாக்குறேன் தங்கச்சி” என்றான்.

வீட்டுக்குப் போய் மனைவி ஜீவராணியிடம் சொல்லி அழுதான். அவள்தான் கல்யாணங்களில் இரண்டாவது கேமராவைப் பிடிப்பவள்.

“நான் புடிச்சது இருக்குமே. அத நீங்க தொறந்துகூடப் பாக்கலையே” என்றாள்.

பழைய டிஸ்க் ஒன்றில் அது கிடந்தது. திறக்காததால் நினைவில்லை, நினைவில்லாததால் அழிக்கவும் இல்லை. ஆனால் ஜீவராணி தவில்காரர் பக்கத்தில் நின்று எடுத்திருந்தாள். அங்கம்மாவின் குரல் மேளத்துக்குள் புதைந்து கிடந்தது. மேளத்தைத் தனியாகவும் மனிதக் குரலைத் தனியாகவும் பிரிக்க இப்போது வழி இருக்கிறது. ஆனால் அதற்குத் தெம்புள்ள மெஷின் வேண்டும்.

கஜேந்திரன் தன்னிடம் இருந்ததோடு மல்லுக்கட்டினான். மெஷினின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, முன்னால் ஃபேனை வைத்தான். சத்தத்தைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்தான். லேசான முறையில் செய்தால், தண்ணீருக்குள் பேசுவதுபோல் ஒரு முனகல் வந்தது. நுணுக்கமான முறையைத் தொட்டால் பாதியிலேயே சூடேறி அணைந்தது. பெரிய ஸ்டூடியோ உள்ள பதுளைக்குக் கொண்டுபோகலாம் என்றால் ரோட்டை மண் மூடிக் கிடந்தது. போனில் அனுப்பலாம் என்றால் சிக்னல் பேச்சுக்கே பற்றவில்லை. சிவசக்தி தினமும் வந்து கதவோரம் நின்றாள். “வந்துச்சாண்ணே?” என்பதைத் தவிர வேறெதுவும் கேட்கமாட்டாள். “இன்னுங் கொஞ்சம்” என்று தினமும் பொய் சொன்னான். ஒருநாள் அவள் படியிறங்கியதும் மெஷினை ஓங்கி அறைந்தான். கைதான் வலித்தது.

பதினைந்தாம் நாள் பஸ் ஓடியது. டிஸ்க்கைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, சிவசக்தியையும் கூட்டிக்கொண்டு பதுளைக்குப் போனான். அங்கே நௌபர் பெரிய ஸ்டூடியோ வைத்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்த வேலையை அப்படியே நிறுத்திவிட்டு டிஸ்க்கை வாங்கினார். அவருடைய மெஷின் முனகவில்லை, சூடேறவில்லை. ஏழு நிமிடத்தில் வேலை முடிந்தது.

“இதுக்கா தம்பி இத்தன நாள் பாடுபட்டீங்க?” என்றார் நௌபர்.

“ஆமா, நௌபர் நானா” என்றான் கஜேந்திரன்.

நௌபர் படத்தை ஓடவிட்டார். மேளம் இல்லை. நாயனம் இல்லை. திரையில் அங்கம்மா மஞ்சளரிசி தூவி, மகளின் காதோரம் குனிந்தாள். குரல் தெளிவாக வந்தது.

“காலையில இருந்து ஒன் பல்லுல பச்சத் தண்ணி படல. பசிக்குதாடி? மடியில பிஸ்கட்டு வச்சிருக்கேன்.”

திரையில் மணப்பெண் தலையாட்டினாள். அங்கம்மா மடிக்குள் கையைவிட்டுப் பொட்டலத்தை எடுத்தாள். அதற்குள் இன்னொரு குரல் குறுக்கே விழுந்தது.

“பொண்ணு, இங்க பாருங்க! அம்மா, கொஞ்சம் தள்ளுங்க, மறைக்குது!”

அது கஜேந்திரனின் குரல். மணப்பெண் சிரித்தபடி அவன் பக்கம் திரும்பினாள். அங்கம்மா பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அதை மடியிலேயே செருகிக்கொண்டு ஒதுங்கிப் போனாள். அவன் கொடுத்த வீடியோவில் இந்த இடத்தில் பாட்டின் சரணம் ஓடும்.

நௌபர் படத்தை நிறுத்தினார். கஜேந்திரனால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

“மறுபடி போடுங்க” என்றாள் சிவசக்தி.

அங்கம்மா மறுபடியும் குனிந்து, மறுபடியும் கேட்டாள். சிவசக்தி நாற்காலியை விட்டு எழுந்து திரைக்குக் கிட்டே போனாள்.

“ஆமாம்மா” என்றாள். “பசிக்குது.”