வேங்கிக்கால் மனையில் நின்ற இல்லாத வீடு

ஆக்மென்டட் ரியாலிட்டி என்று ஆளாளுக்குப் பெரிதாகப் பேசுகிறீர்கள். விஷயம் சின்னது. கேமரா எதிரில் இருப்பதைக் காட்டும். கம்ப்யூட்டர் அதன்மேல் இல்லாததை ஒட்டும். எங்கே ஒட்டுவது என்று அதற்கு ஓர் அடையாளம் வேண்டும். அதுதான் மார்க்கர்.

2008 வாக்கில் வேங்கிக்காலில், மனை விற்கும் ஆபீஸ் ஒன்றில் நான் கம்ப்யூட்டரில் பிளான் வரையும் ஆட்டோகேட் ஆப்பரேட்டர். எங்கள் மார்க்கர், ஃபிளெக்ஸ் கடையில் அடித்த கறுப்புக் கட்டம் போட்ட சதுரம். அதை மனையில் விரித்து வெப்கேமைப் பிடித்தால், நான் வரைந்த வீடு லேப்டாப்பில் அதன்மேல் எழுந்து நிற்கும். சதுரத்தைத் திருப்பினால் வீடும் திரும்பும்.

முதல் நாள் நானே வேலையை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முள்செடிக்கு நடுவில் வெள்ளை வீடு, அதன் பின்னால், அக்னி லிங்கம் என்று ஊரே கும்பிடும் மலை. கை அசைந்தால் வீடு குளத்து நிழல்போல ஆடியது. மேகம் வந்து வெளிச்சம் குறைந்தால் கரைந்தது. வெயில் திரும்பியதும் ஒன்றும் நடக்காததுபோல் வந்து நின்றது.

கீழ்பென்னாத்தூரில் இருந்த நிலத்தை விற்றுவிட்டு வளர்மதி என்கிற அம்மா கணவரோடு மனை பார்க்க வந்தார். இதை விட்டால் இன்னொரு வீடு கட்ட அவர்களுக்கு வழியில்லை. அவர் கேட்டது ஒன்றுதான். சமைக்கும்போது ஜன்னலில் மலை தெரிய வேண்டும்.

ஆனால் மலை தெரியாது. மலைப் பக்கம் இருந்த தெற்கு மனை விற்றாகிவிட்டது. அங்கே வரப்போகும் மாடி வீட்டுக்கும் நான்தான் பிளான் போட்டேன். வாயைத் திறக்கக் கூடாது என்று முதலாளி முன்பே சொல்லியிருந்தார்.

ஸ்கிரீனில் வீட்டைப் பார்த்து அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"பக்கத்துல எதுவும் வராதுங்களா?"

"இப்போதைக்கு ஒண்ணும் வராதும்மா," என்றார் முதலாளி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பையிலிருந்து இன்னொரு சதுரத்தை எடுத்துத் தெற்கு மனையில் போட்டேன். மாடி வீடு எழுந்தது. மலை இல்லாமல் போனது.

"இன்னாம்மா பண்ற நீ?" என்றார் முதலாளி, பல்லைக் கடித்தபடி.

"நான் போட்ட பிளான் சார். அதான் காட்டுறேன்."

வளர்மதி அழவில்லை. லேப்டாப்பையும் நிஜ மலையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குனிந்து, தன் வீட்டுச் சதுரத்தைப் பிடித்துக் கால்வாசி திருப்பினார். ஸ்கிரீனில் வீடு அசைந்து திரும்பியது. சமையல்கட்டு ஜன்னல் ரோட்டுப் பக்கம் வந்தது. ரோட்டுக்கு அப்பால் மலை முழுசாக நின்றது.

அவர் கணவர்தான் பதறினார். சமையல்கட்டு அக்னி மூலையை விட்டு நகர்ந்துவிட்டதாம். வாஸ்துப்படி ஆகாதாம்.

"மலையே அக்னிதானங்க. அதப் பாத்துக்கினே சமைக்கப் போறேன். அப்புறம் மூலை இன்னா மூலை?" என்றார் வளர்மதி.

அந்த மனையையே வாங்கினார்கள். நான் பிளானைத் திருப்பி வரைந்தேன். முதலாளி ரொம்ப நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. போகட்டும்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். இல்லாததைக் காட்டுவது சுலபம். வரப்போவதையும் சேர்த்துக் காட்டுங்கள். காட்டிவிட்டு, மார்க்கரை அங்கே வாழப்போகிறவர் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.