குபாத் வீட்டுப் பொல்லாதவள்

கம்யூனிஸ்ட் ஆட்சி மாறி ஆளாளுக்குக் கடை திறந்த அந்த வருஷங்களில், செக் நாட்டின் ஓலோமோட்ஸ் நகரத்தில் ட்ராம் ஓட்டிக்கொண்டிருந்த ராதிம் குபாத்துக்குச் சனிக்கிழமை என்றால் பழைய சாமான் கடைதான். ஊரெல்லாம் பளபளப்பான ஜப்பான் கேமரா வாங்கிக்கொண்டு, வீட்டிலிருந்த பழையதைக் கொண்டுபோய்க் கடையில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ராதிம் விடிந்ததும் ரயிலேறி ப்ரொஸ்தியோவ், ஷ்டெர்ன்பெர்க் என்று பக்கத்து ஊர்களைச் சுற்றுவான். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு கேமராவோடு திரும்புவான். சில நாள் இரண்டு.

வீடோ மூன்றாவது மாடியில் இரண்டே அறை. கேமராக்கள் முதலில் அலமாரியில் இருந்தன. பிறகு கட்டிலுக்கு அடியில் போயின. பிறகு சமையலறைக்கு வந்தன. அவன் மனைவி யர்மிலா மாவு டப்பாவை நகர்த்தினால் பின்னால் ஒரு லென்ஸ் முழித்துக்கொண்டிருக்கும். கிறிஸ்துமஸுக்கு ரொட்டி சுட அடுப்பைத் திறந்தாள். உள்ளே மூன்று கேமராக்கள் ஈரம் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றை எடுத்து ஜன்னலோரம் வைத்துவிட்டு மாவைப் பிசையப் போனாள். திட்டவில்லை. யர்மிலா யாரையும் திட்டியதில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். இரண்டாம் தடவை தட்டை நீட்டும் பிள்ளைக்குப் பெரிய சமையல்காரிக்குத் தெரியாமல் குழம்பு ஊற்றுகிற ஆள் அவள்.

ஒரு ஜூன் மாதம், ஊருக்கு வெளியே இருந்த அவர்கள் தோட்டத்தில் செர்ரி பறிக்க ஏறிய ராதிம் கிளையோடு கீழே வந்தான். காலில் மாவுக்கட்டு. சமையலறை சோபாவில் படுத்துக்கொண்டு, கால் உடைந்ததை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் புலம்பத் தொடங்கினான்.

"யர்மிலா, ஒரே ஒரு தடவை போயிட்டு வந்துடேன்."

"எங்க?"

"ஷ்டெர்ன்பெர்க்குக்கு. ஷிமெக் கடைல ஒரு ஃப்ளெக்ஸாரெட் கேமரா எடுத்து வெச்சிருக்கார். இந்த சனிக்கிழமை வரைக்கும்தான் வெப்பேன்னார். விட்டா எவனாவது ஜெர்மன்காரன் வந்து அள்ளிட்டுப் போயிடுவான்."

"நல்லதாப் போச்சு. அப்படியே நம்ம வீட்டுப் பக்கமும் வந்து அள்ளிட்டுப் போகச் சொல்லு."

ராதிம் பெருமூச்சு விட்டான். அன்று ராத்திரி விட்டான், மறுநாள் காலையில் காபி குடிக்கும்போதும் விட்டான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் யர்மிலாவால் தாங்க முடியவில்லை. "அந்தக் கருமம் எப்படி இருக்கும்னு சொல்லித் தொலை" என்றாள்.

"ரெண்டு கண்ணு, ஒண்ணுக்கு மேல ஒண்ணு. மேல மூடியைத் திறந்து குனிஞ்சு பாக்கணும். ஷிமெக் கிட்ட நீ ஒண்ணும் பேச வேண்டாம். குபாத் அனுப்பினார்னு மட்டும் சொல்லு. நீ யாருன்னு சொல்லாத."

கடைசி வாக்கியம் அவளுக்கு விநோதமாகப் பட்டது. ஆனாலும் கேட்கவில்லை.

ஷிமெக்கின் கடை, கோட்டைக்கு ஏறும் தெருவில் பாதியில் இருந்தது. தையல் இயந்திரங்கள், பனிச்சறுக்குக் கட்டைகள், கொம்பு வைத்த மான் தலை எல்லாவற்றுக்கும் நடுவே சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒல்லியான மனிதர் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்.

"வணக்கம். குபாத் ஒரு கேமரா சொல்லி வெச்சிருந்தாராம். நான் அவர் சம்சாரம்" என்றாள் யர்மிலா. யாரென்று சொல்லாதே என்றது அவளுக்கு மறந்தேபோயிருந்தது.

ஷிமெக் எழுந்து நின்றுவிட்டார். ரொட்டியைக் காகிதத்தில் சுருட்டி இழுப்பறைக்குள் போட்டார். ஒரு நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்து அவள் பக்கம் தள்ளினார்.

"குபாத் வீட்டு அம்மாவா? உக்காருங்க, உக்காருங்க. அவர் வரலியா?"

"கால் உடைஞ்சு படுத்திருக்கார்."

ஷிமெக்கின் முகம் வெளுத்தது. அவள் கைகளை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "கால் உடைஞ்சு..." என்று முணுமுணுத்துவிட்டு, உள்ளே போய்க் கேமராவை எடுத்துவந்து பூப்போல அவள் முன்னால் வைத்தார். "ஓரத்துல ஒரு சின்னக் கீறல் இருக்கும்மா. நான் அன்னிக்கே அவர் கிட்ட மறைக்காம சொல்லிட்டேன். இதை எடுத்துட்டு வீட்டுக்குப் போனா என் கதி என்னாகும்னு பயந்தார். பாவம். அந்த ஜெனிட் கேமராவை நீங்க ஜன்னல் வழியாத் தூக்கிப் போட்டதுலேர்ந்து அவருக்கு ஒரு நடுக்கம்."

"எதை?"

"ஜெனிட். மூணாவது மாடிலேர்ந்து. தப்பு சொல்லலைம்மா. எல்லாப் பொம்பளைக்கும் ஒரு பொறுமை எல்லை இருக்கு. பனில ராத்திரி பூரா வாசப்படில நிறுத்தினீங்களே, அதுகூட ஒரு விதத்துல நியாயம்தான்."

உள்ளறைத் திரை விலகியது. ஷிமெக்கின் மனைவி எட்டிப் பார்த்து, "இவங்கதானா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

யர்மிலாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு ஒவ்வொன்றாகப் புரிந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் தன் புருஷன் இந்தக் கடையில் நின்று, இந்த விலைக்கு வாங்கிப் போனால் அவள் என்னைக் கொன்றுவிடுவாள் என்று கெஞ்சிக் கெஞ்சியே விலையைக் குறைத்திருக்கிறான். காது சூடேறியது. எழுந்து போய்விடலாமென்று நினைத்தாள். ஆனால் அந்த மெலிந்த மனிதர் தன் முன்னால் கைகட்டி நிற்பதைப் பார்த்தபோது, இதுவரை யாரும் தனக்கு முன்னால் இப்படி நின்றதில்லை என்பதும் மனசில் பட்டது. கேமராவைக் கையில் எடுத்துத் திருப்பினாள்.

"சின்னக் கீறல்னு சொன்னீங்க?" என்றாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "எனக்கென்னவோ பெரிசாத்தான் தெரியுது."

ஷிமெக் விலையை அவராகவே குறைத்தார். தோல் உறையையும் சும்மாவே கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் கேமராவை ராதிமின் வயிற்றின்மேல் வைத்தாள். "நான் எப்ப ஜெனிட்டை ஜன்னல் வழியாப் போட்டேன்?"

ராதிம் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "அது வந்து... வியாபாரத்துக்கு."

"பனில நிறுத்தினேனாம்."

"அது குளிர்காலத்துல சொன்னது. அந்த நேரத்துக்கு எடுபட்டுது."

"எல்லாக் கடைலயும் இதே கதையா?"

"ப்ரொஸ்தியோவ்ல கொஞ்சம் கம்மி. அங்க நீ கட்டையால அடிக்க மாட்ட. வெறும் வசவுதான்."

யர்மிலா இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. சூப்பை நங்கென்று வைத்துவிட்டுப் போனாள். செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது, ஷிமெக் அவள் கைகளைப் பார்த்த பார்வை ஞாபகம் வந்தது. கால் உடைந்ததற்கும் அவள்தான் காரணம் என்று அந்த மனிதர் நினைத்திருக்கிறார். சிரிப்பு பொங்கி வந்து, கத்தியைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டாள். பக்கத்திலிருந்தவள் அழுகிறாளென்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அடுத்த சனிக்கிழமை அவன் கேட்காமலே ப்ரொஸ்தியோவுக்குக் கிளம்பினாள். சாவுக்குப் போகும்போது போடுகிற கறுப்புத் தொப்பியைப் போட்டுக்கொண்டாள்.

அந்தக் கோடை முழுக்க அவளே சுற்றினாள். ராதிம் சோபாவிலிருந்து சொல்லிக்கொடுப்பான். அவள் கடையில் பார்த்ததை வந்து சொல்வாள். லென்ஸை வானத்துக்கு நேரே பிடித்தால் உள்ளே பூஞ்சை இருந்தால் சிலந்திவலை மாதிரி தெரியும். ஷட்டரை மெதுவான வேகத்தில் வைத்து அழுத்தினால் உள்ளே சக்கரம் சுற்றுகிற சத்தம் திக்காமல் வரவேண்டும். அவள் கேமராவைக் காதருகே வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். கடைக்காரர்கள் மூச்சுவிடாமல் நிற்பார்கள்.

கால் சரியானதும் இருவரும் சேர்ந்தே போனார்கள். அவளுடைய ஆயுளில் மிகச் சந்தோஷமான சனிக்கிழமைகள் அவை. காலை ரயிலில், பன்றிக் கொழுப்பு தடவி வெங்காயம் அடுக்கிய ரொட்டி. கடைவாசலில் ராதிம் தோளைக் குறுக்கிக்கொள்வான். யர்மிலா தொப்பியைச் சரிசெய்துகொள்வாள். உள்ளே போய் அவள் அவனைக் கிழிகிழியென்று கிழிப்பாள். "வீட்ல உக்கார ஒரு நாற்காலி இல்ல, இந்த மனுஷனுக்குக் கேமரா கேக்குது" என்பாள். அவன், "இது ஒண்ணுதான் யர்மிலா, சத்தியமா" என்பான். கடைக்காரர் அவனுக்காக மனமிரங்குவார். திரும்பும் ரயிலில் பையைத் திறக்காமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ரயில் ஊரெல்லையைத் தாண்டியதும் ராதிம் எடுத்து முழங்காலில் வைத்துத் திறப்பான். பழைய தோலும் எண்ணெயும் கலந்த வாசனை வரும்.

"இன்னிக்கு ரொம்பத் திட்டிட்ட" என்பான்.

"நாற்காலி விஷயம் நிஜம்தான்" என்பாள்.

இப்படியே இரண்டு வருஷம் ஓடிற்று. ஒரு அக்டோபரில் ஷிமெக் கடைக்குள் நுழைந்தபோது, மேஜைமேல் நான்கைந்து கேமராக்கள் வரிசையாக இருந்தன. பக்கத்தில் பழுப்புக் கோட்டு போட்ட ஒரு வயதான அம்மாள் துணிப்பையை மடித்துக்கொண்டிருந்தாள். அவளும் வாங்க வந்தவள் என்றே யர்மிலா நினைத்தாள். ராதிமின் கண் ஒரு கேமராமேல் நிலைத்ததைக் கண்டாள். உடனே ஆரம்பித்துவிட்டாள்.

"பாத்தியா, மறுபடியும் குப்பை. இதையெல்லாம் எவ வீட்டுக்குள்ள வெச்சிருப்பா? எழவு வீட்லேர்ந்து வந்த மாதிரி நாறுது."

ஷிமெக் கண்ணால் ஜாடை காட்டினார். ராதிம் அவள் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்தான். நாடகத்தில் அதுவும் ஒரு பகுதியென்று நினைத்துக் கையை உதறினாள்.

"எழவு வீட்லேர்ந்துதாம்மா வருது" என்றாள் அந்த வயதான அம்மாள். குரலில் கோபமில்லை. "தொடைச்சுதான் எடுத்துட்டு வந்தேன். வாசனை போகலை போலருக்கு."

ஷிமெக் நீட்டிய பணத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு வெளியே போனாள்.

யர்மிலா தொப்பியைக் கழற்றி ராதிமின் கையில் திணித்துவிட்டுத் தெருவில் ஓடினாள். மேட்டில் ஏறி மூச்சு வாங்க அந்த அம்மாளைப் பிடித்தாள்.

"அம்மா, நில்லுங்க. நான் அப்படிப்பட்டவ இல்ல. நான் யாரையும் திட்டினதே கிடையாது. அது விலை குறைக்கறதுக்காகப் போடற நாடகம்."

அந்த அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நாடகமா? நல்லாத்தான் பண்றீங்க. நான் நம்பிட்டேன்."

யர்மிலாவுக்கு அழுகை வந்தது. நடுத்தெருவில், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. அந்த அம்மாளே அவள் கையைப் பிடித்து எதிரிலிருந்த கேக் கடைக்குக் கூட்டிப் போனாள். பெயர் பிலோமேனா என்றாள். புருஷன் காட்டிலாகாவில் இருந்தவர், வசந்தகாலத்தில் போய்ச் சேர்ந்தார். இரண்டு பேருக்கும் காபியும் கசகசா கேக்கும் வந்தன.

"உங்களை நிறைய எடுத்திருப்பாரே?" என்று கேட்டாள் யர்மிலா. ராதிம் வாங்குகிற ஒவ்வொரு கேமராவையும் சோதிக்க அவளைத்தான் நிறுத்துவான். எல்லாருடைய புருஷனும் அப்படித்தான் என்று நினைத்திருந்தாள்.

"என்னையா? அவர் எடுத்ததெல்லாம் மரம்தான். ஒரே ஒரு தடவை என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார். தலை சீவிக்கிட்டு ஓடினேன். கடைசில பாத்தா, பக்கத்துல இருந்த மரம் எவ்வளவு உசரம்னு தெரியறதுக்காம்."

சொல்லிவிட்டு பிலோமேனாவே சிரித்தாள். யர்மிலாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். ராதிம் கடைக் கண்ணாடிக்கு வெளியே கையில் பெண்பிள்ளைத் தொப்பியோடு, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தான். பேரமே பேசாமல் அத்தனை கேமராக்களையும் வாங்கித் தோளில் மாட்டியிருந்தான். உள்ளே வந்ததும் அவற்றில் ஒன்றை எடுத்தான். அதற்குள் பாதி ஓடிய பிலிம் இருந்தது.

"அம்மா, கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்புங்க."

"எதோட உசரம் பாக்கணும்?" என்றாள் பிலோமேனா.

"ஒண்ணோட உசரமும் வேண்டாம். நீங்க மட்டும் போதும்."

அந்தப் படத்தைக் கழுவி அடுத்த மாதம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஷ்டெர்ன்பெர்க் போகும்போதெல்லாம், அந்த அம்மாள் இருந்தவரைக்கும், அவள் வீட்டில் ஒரு காபி உண்டு. கோடையில் யர்மிலா தோட்டத்துச் செர்ரியை ஒரு வாளி எடுத்துப் போவாள்.

நாடகம் அத்தோடு நின்றது. கடைக்காரர்களுக்குத்தான் ஏமாற்றம். "அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா? இப்பல்லாம் திட்டறதே இல்லையே" என்று ப்ரொஸ்தியோவ் கடைக்காரர் கவலையோடு கேட்டார். விலை ஏறிற்று. ராதிம் முணுமுணுக்கவில்லை. கொஞ்சமாக வாங்கினான், நல்லதாக வாங்கினான்.

பிறகு கடைகள் ஒவ்வொன்றாக மூடின. எந்தக் கேமரா எங்கே என்ன விலை என்று ஜனங்கள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். ஷிமெக் கடைசிவரை தாக்குப்பிடித்து, மான் தலையை மட்டும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார். ராதிம் ஒரு பிப்ரவரியில் தூக்கத்திலேயே போனான். அடக்கத்துக்கு ஷிமெக் கைத்தடியோடு வந்திருந்தார். அவர் யர்மிலாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "சனிக்கிழமை வந்தா என்ன பண்றதுன்னே தெரியலம்மா" என்றார். இரங்கல் சொன்னாரா, தன் கஷ்டத்தைச் சொன்னாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் சேர்த்துத் தலையசைத்தாள்.

இப்போது அவளுக்கு எண்பதாகப் போகிறது. இன்னமும் சில சனிக்கிழமைகளில் ரொட்டியில் கொழுப்பைத் தடவி எடுத்துக்கொண்டு ஷ்டெர்ன்பெர்க் ரயிலைப் பிடிக்கிறாள். அந்த மேட்டில் மெதுவாக ஏறுகிறாள். ஷிமெக் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். கேக் கடை இருக்கிறது. கசகசா கேக் முன்பு போல் இல்லை. மாதாகோயில்காரர்கள் பழைய துணிமணி விற்கிற அறையில், கேமரா ஏதாவது அகப்படுமா என்று பொம்மைகள் கிடக்கும் பெட்டியைக் கிளறிப் பார்ப்பாள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இரண்டு மணி ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு திரும்புவாள். வெறுங்கையோடு திரும்பிய நாட்கள் அப்போதும் இருந்தனதான்.