டப்பாப் பாலும் கழுவிய உப்பும்

கல்லுப்பைக் கழுவாமல் குழம்பில் போடுகிறவளை நான் ஒரு சமையல்காரியாகவே மதித்ததில்லை. மட்டாஞ்சேரி கடைத்தெருவில் உப்பு மூட்டை எங்கே எப்படிக் கிடக்கிறது என்று பார்த்தவர்கள் என் பக்கம்தான் பேசுவார்கள். வாங்கி வந்ததும் பாத்திரத்தில் கொட்டி, இரண்டு தண்ணீர் விட்டு அலசி, கலங்கலைச் சாய்த்துவிட்டு, மிச்சத்தை ஜாடியில் கரைத்து வைப்பேன். குழம்புக்கு அந்த உப்புத் தண்ணீர்தான். “உப்பில்லாப் பண்டம் குப்பையிலே” என்பார்கள். அழுக்கு உப்புப் போட்ட பண்டமும் அங்கேதான் போகணும் என்று நானே ஒரு வால் சேர்த்துச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நாலாம் வகுப்போடு நின்றவள் நான். மிச்சத்தையெல்லாம் ஆட்கள் பேசக் கேட்டுப் படித்ததுதான்.

மகள் இடப்பள்ளியில் ஒரு பெரிய கடையில் வேலை பார்க்கிறாள். மருமகன் துபாயில். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து உண்டானாள். என் வீட்டில்தான் இருக்கிறாள். உண்டான நாளிலிருந்து மீன் வாடை ஆகவில்லை. பால் குடித்தால் வயிறு ஊதிக்கொள்கிறது என்று, தன் கடையிலிருந்தே ஓட்ஸ் பால் டப்பாக்களைக் கொண்டுவர ஆரம்பித்தாள்.

“இது எந்த மாட்டோடது?” என்று கேட்டேன்.

“மாடே இல்லை உம்மா. ஓட்ஸை அரைச்சு எடுக்கிறது.”

“மாடில்லாத பாலா? இனி கோழியில்லாத முட்டையும் கொண்டுவருவே.”

அவள் சிரித்துக்கொண்டே டப்பாவின் முதுகை எனக்குப் படித்துக் காட்டினாள். “கால்சியம் சேர்த்திருக்கு, வைட்டமின் டி இருக்கு, பி பன்னிரண்டு இருக்கு. உங்க பசு தோத்துப்போகும், கேட்டோ.”

அவளைப் பார்க்க வந்திருந்த சம்பந்தியம்மா டப்பாவை ஒரு விரலால் தள்ளிவிட்டு, “உப்போளம் வருமோ உப்பிலிட்டது?” என்றார். உப்பில் ஊறிய மாங்காய் உப்புக்கு ஈடாகுமா என்று மலையாளத்தில் சொல்கிற பழமொழி. எனக்கு அது மிகவும் பிடித்துப்போய், நாலு வீட்டில் நானும் சொன்னேன்.

ஐந்தாம் மாதம் ரத்தப் பரிசோதனையில் தைராய்டு சரியில்லை என்று வந்தது. டாக்டர் மாத்திரை எழுதினார். வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு அது முக்கியம், அலட்சியம் கூடாது என்று சொல்லி, சாப்பாட்டு விஷயம் பேசுகிற ஒரு பெண்ணிடம் எங்கள் இருவரையும் அனுப்பினார். மகள் பையிலிருந்து டப்பாவை எடுத்து நீட்டினாள். அந்தப் பெண் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எல்லாம் சேர்த்திருக்காங்க. தைராய்டுக்கு வேண்டிய அயோடின் மட்டும் சேர்க்கலை.”

இல்லாத ஒன்றை யார் படித்துப் பார்க்கிறார்கள்? பசும்பாலில் அது தானாகவே கொஞ்சம் வந்துவிடும், இந்த மாதிரிப் பாலில் போட்டால்தான் உண்டு என்றாள் அவள்.

“போட்டதா பார்த்து வாங்கினா, பசும்பால் மாதிரியே உடம்பு எடுத்துக்குமா?” என்று மகள் கேட்டாள்.

“எடுக்கும். அதே அளவு எடுக்குமான்னு கேட்டா நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன், மோளே. அதை இன்னும் ஆராய்ஞ்சுகிட்டுதான் இருக்காங்க. போடாததை எடுக்காது, அது மட்டும் நிச்சயம்.”

பிறகு மீன் உண்டா என்றாள். மகள் தலையாட்டினாள், இல்லை. அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள்.

“உம்மா, கல்லுப்பா போடுறீங்க? கழுவிட்டா போடுறது?”

அவள் பேனா காகிதத்தின் மேல் நின்ற விதத்திலேயே தெரிந்துவிட்டது, இது பாராட்டுக்காகக் கேட்கிற கேள்வி இல்லை என்று. “கல்லுப்புதான். கழுவுறதில்லை” என்றேன். மகள் என்னைப் பார்த்தாள். டப்பாவை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். “அப்போ உப்பிலிருந்து கிடைக்குது” என்று அந்தப் பெண் எழுதிக்கொண்டாள்.

விஷயம் கேள்விப்பட்டு சம்பந்தியம்மா மறுநாளே வந்தார். “பசும்பால் கசந்துச்சு, டப்பாப்பால் இனிச்சுச்சு. நாளைக்கு என் பேரப்பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?” மகள் தலையைக் குனிந்துகொண்டு, “தப்புதான் மாமி” என்றாள். அன்று சாயங்காலமே மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு டம்ளர் பசும்பால் குடித்தாள். அரை மணி நேரத்தில் கொல்லையில் நின்று அத்தனையும் வாந்தி எடுத்தாள். நெற்றியைத் தாங்கிப் பிடித்த கை என்னுடையது. ஊருக்கெல்லாம் பழமொழி சொல்லித் திரிகிற வாய் அப்போதும் திறக்கவில்லை. மூன்று நாள் இப்படிப் போனது.

நாலாம் நாள் காலை, பழக்கத்தில் உப்பைக் கொட்டித் தண்ணீர் விட்டுவிட்டேன். கலங்கலைச் சாய்க்கப் போன கை அப்படியே நின்றது. ஈரக் கையைத் தலையில் போட்டிருந்த தட்டத்தில் துடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தேன்.

உப்பைக் கழுவுகிற உண்மையைச் சொன்னபோது அந்தப் பெண் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “இங்கே நிறைய வீட்டுல கழுவுறாங்க, அதனாலதான் கேட்டேன். கல்லுப்புல அயோடினை மேலேதான் தெளிக்கிறாங்க உம்மா. முதல் தண்ணியிலேயே பெரும்பாலும் போயிடும்.” தைராய்டுக்கு இது ஒன்றுதான் காரணம் என்று தான் சொல்லவில்லை என்றும் சொன்னாள். ஆனால் பால், மீன், உப்பு என்று அயோடின் வருகிற மூன்று வாசலும் ஒரே வீட்டில் அடைபட்டிருக்கிறதே என்று, முன்பு எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினாள்.

அங்கிருந்து நேரே சம்பந்தியம்மா வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

“நானும் கழுவித்தானே போடுறேன்” என்றார் அவர். “நாம பிள்ளை பெறலையா?”

“நாம மத்தி மீனும் அயிலையும் தின்னு பெத்தோம்.”

அவர் என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். சாயா போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து மகளிடம் கேட்டேன், “அன்னைக்கு நீயாவது சொல்லியிருக்கலாமே?”

“வெளியாள் முன்னாடி உங்களைப் பொய்க்காரியாக்கவா?” என்றாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, “நீங்களே சொல்வீங்கன்னு ஒவ்வொரு நாளும் பார்த்தேன், உம்மா” என்றாள்.

இப்போது பாக்கெட் தூளுப்புதான், மூடி வைத்த டப்பாவில். அயோடின் போட்ட ஓட்ஸ் பால் எதுவென்று அவள் கடையில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பசும்பாலை நான் நிறுத்தச் சொல்லிவிட்டேன். மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் நானே எடுத்துக் கொடுக்கிறேன். வாங்கிக்கொள்கிறாள், பேச்சு மட்டும் முன்போல இல்லை. அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.