‘தோல் நிபுணர்’ ஸுலைஹா

சாய்ந்தமருதில் பெண்களுக்கு மட்டுமான அழகுநிலையம் நடத்தும் ஸுலைஹாவுக்கு ஊசியென்றால் ஆகாது. பயத்தினால் அல்ல. டோஹாவில் ஒரு பெரிய சலூனில் ஆறு வருடம் வேலை பார்த்தபோது, அங்கே மேற்பார்வையாளராக இருந்த பிலிப்பைன்ஸ்காரி முதல் நாளே கோடு கிழித்துக் காட்டிவிட்டாள். தோலின் மேற்படைதான் நம்முடையது, அதற்குக் கீழே டாக்டருடைய இடம், இரத்தம் வருகிற எந்த வேலையும் நமக்கில்லை. ஸுலைஹா ஊருக்குத் திரும்பி வீட்டின் முன்னறையில் கடை போட்ட பிறகும் அந்தக் கோட்டைத் தாண்டியதில்லை.

தாண்டியது அவளுடைய கணவர் பஸால்தான். அவர் கல்முனை பஸாரில் பெனர் அடிக்கும் கடை வைத்திருக்கிறார். ஸுலைஹா அக்கரைப்பற்றில் தங்கச்சியின் பிள்ளைப்பேற்றுக்குப் போய் இரண்டு நாள் நின்று திரும்பியபோது, வாசலில் ஆறடிக்கு நாலடி பெனர் ஒன்று தொங்கியது. மேலே ‘ஸுலைஹா அழகுநிலையம்’ என்றிருந்தது சரி. அதன் கீழே, சாண் உயரச் சிவப்பெழுத்தில், ‘தோல் நிபுணர்’.

இதென்ன வேலை என்று அவள் கேட்டதற்கு பஸாலிடம் பதில் தயாராக இருந்தது.

“பேருக்குக் கீழ வெறுமையாக் கிடந்திச்சி புள்ள. நீ தோலத்தானே பாக்குற. தோலப் பாக்குற ஆள வேற என்னெண்டு சொல்ற?”

கழற்றச் சொன்னாள். ஹஜ்ஜுப் பெருநாள் வேலை குவிந்து கிடக்கிறது, முடிந்ததும் கழற்றுகிறேன் என்றார்.

அந்தச் சிவப்பெழுத்து ஒரு கிழமைக்குள் தன் வேலையைக் காட்டிவிட்டது. படர்தாமரை வந்த ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர், ஆண்களுக்கு அனுமதியில்லை என்று தெரிந்து, மனைவியை அனுப்பித் தன் முதுகின் படத்தை போனில் காட்டினார். பாதவெடிப்பு, தேமல், கைக்குழந்தையின் வியர்க்குரு என்று எல்லாம் படியேறின. ஆஸ்பத்திரியில் தோல் கிளினிக் எந்தக் கிழமை நடக்கும் என்று சொல்லிச் சொல்லியே ஸுலைஹாவின் வாய் நொந்தது. நிந்தவூரிலிருந்து ஒரு தாய், ஐந்து நாளில் கல்யாணமாகப்போகிற மகளை அழைத்துவந்து, கன்னத்து மச்சத்தைச் சுட்டு எடுக்கச் சொன்னாள். ஏலாது என்றதும், அப்படியென்றால் வாசலில் அதை ஏன் எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

பெருநாளுக்கு நாலு நாள் இருக்கையில் அடுத்த தெரு இன்பாஸ் ஓர் ஆட்டைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். பெருநாளன்று குர்பானாக அறுக்க வாங்கிய ஆடு. கழுத்தில் ஒரு கை அகலத்துக்கு முடி கொட்டியிருந்தது. நோய்ப்பட்ட ஆடென்றால் குர்பான் கூடாது, மிருக வைத்தியர் வெளியே போய்விட்டார், ஒருதரம் பார்த்துச் சொல்லுங்கள் என்று கெஞ்சினான். இங்கே பெண்களுக்கு மட்டும்தான் பார்ப்பது என்று ஸுலைஹா அவனைத் தட்டிக்கழிக்கப் பார்த்தாள்.

இன்பாஸ் ஆட்டைக் குனிந்து ஒரு பார்வை பார்த்தான். “இதும் பொட்டைதான் ராத்தா.”

சரியாக அந்த நேரத்தில்தான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சுஜிந்தன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். பாண்டிருப்புக்காரர், முகத்தில் எளிதில் சிரிப்பு வராத மனிதர். பெனரைப் பார்த்தார். ஆட்டைப் பார்த்தார். கையுறையோடு வாசலில் நின்ற ஸுலைஹாவைப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

அவருடைய சிக்கல் படிவத்தில் இருந்தது. அவள் எடுத்திருந்த வியாபார அனுமதி அழகுநிலையத்துக்கு. பெனரோ வைத்திய நிலையம் என்கிறது. வைத்திய நிலையமென்றால் பதிவுசெய்த டாக்டர் எங்கே?

“மிருக வைத்தியத்துக்கு இந்தப் படிவத்தில இடமே இல்ல அக்கா,” என்றார்.

உள்ளே பெண்கள் யாரும் இல்லையென்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அறைக்குள் நுழைந்தார். டோஹாச் சான்றிதழை இரண்டு பக்கமும் புரட்டிவிட்டு, இது அந்த நாட்டுக்குச் சரி, இங்கேயும் தொழில் தகைமைப் பரீட்சைக்குத் தோற்றிச் சான்றிதழ் எடுங்கள் என்றார். என்னென்ன செய்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். புருவம் எடுப்பது, ஃபேஷியல், கால் கைக்கு வெக்ஸ். அமிலம் பூசித் தோலுரிப்பது? மெல்லியது மட்டும், அதுவும் முதல்நாள் முழங்கையில் பூசிப் பார்த்த பிறகு. வெள்ளையாக்கும் ஊசி?

“என்ட மதினி அழுது கேட்டும் போடல்ல சேர்.”

நம்பாமல், ஊசிமருந்து இருக்கிறதா என்று குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தார். அதற்குள் ஒரு தட்டு வட்டிலப்பம் மட்டும் இருந்தது. மூடினார்.

“நீங்க செய்யிறதெல்லாம் சரி. எழுதி வெச்சிருக்கிறதுதான் பிழை. ரெண்டு கிழமை தாறன், மாத்துங்க.”

வெளியே வந்தவரால் ஆட்டைத் தாண்டிப் போக முடியவில்லை. குனிந்து கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, இது கயிறு உரசினது, நோயில்லை என்றார். இரண்டடி நடந்தவர் திரும்பி வந்து, இதை நான் சொன்னதாக இருக்கவேண்டாம், மிருக வைத்தியரிடமே காட்டுங்கள் என்று இன்பாஸிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பின்னேரம் செய்தியைக் கேட்ட பஸால் சோர்ந்துபோனார். உன்னை நாலு பேர் மதிக்கட்டும் என்றுதானே செய்தேன் என்றார். அது பொய்யில்லை என்று ஸுலைஹாவுக்கும் தெரியும். அவள் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, புதுப் பெனருக்கு என்ன எழுதவேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். ‘ஊசி போடுவதில்லை. மச்சம் எடுப்பதில்லை. தோல் நோய் பார்ப்பதில்லை.’

பஸால் தாளை மூன்றுதரம் வாசித்தார். “கடையில இல்லாதத எழுதி இதுவரைக்கும் ஒருத்தரும் பெனர் அடிக்கல்ல புள்ள.”

ஆனாலும் அடித்தார். ‘இல்லை’களைச் சிறிய எழுத்தில் அடித்துக் கொண்டுவந்தார். அவள் திருப்பியனுப்பிப் பெரிதாக்க வைத்தாள்.

தொழில் தகைமைப் பரீட்சையில் இருபது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே நாற்பத்தொரு வயது ஸுலைஹா உட்கார்ந்திருந்தாள். தொற்றுநோய் உள்ள வாடிக்கையாளர் வந்தால் என்ன செய்வீர்கள் என்று பரீட்சகர் கேட்டார். ஸுலைஹா அதிபரின் முதுகில் ஆரம்பித்து ஆட்டில் முடித்தாள். பாதியிலேயே பரீட்சகர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சான்றிதழ் மூன்று மாதத்தில் வந்தது.

புதுப் பெனரைப் பார்த்துக் கூட்டம் குறையும் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். மருதமுனையிலிருந்தெல்லாம் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒருநாள் சுஜித்தா என்ற ஆசிரியை வந்து கதிரையில் சாய்ந்துகொண்டே சொன்னாள்: “செய்யமாட்டம் எண்டு எழுதியிருக்கிற இடத்திலதான் பயமில்லாம முகத்தக் குடுக்கலாம், அக்கா.”

கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்துக்கு ஏதாவது செய்யச் சொன்னாள். ஸுலைஹா விளக்கைச் சரித்துப் பார்த்தாள். திருத்தக் கிடக்கிற விடைத்தாள்களை முடித்துவிட்டு நாலு நாள் ஒழுங்காக நித்திரை கொள்ளுங்கள், கிரீம் வேண்டாம் என்று சொல்லி, புருவத்தை மட்டும் எடுத்து அனுப்பிவைத்தாள்.